பழைய தேக்கு மேசையை மெஷினுக்குக் கொடுக்காதீர்கள்

கேள்வி: தாத்தா காலத்துத் தேக்கு எழுதுமேசை ஒன்று வீட்டில் இருக்கிறது. மேல்பலகை கறுத்து, கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது; டம்ளர் வைத்த வெள்ளை வளையங்கள் வேறு. கால்களுக்கு மட்டும் யாரோ எப்போதோ பச்சை எனாமல் அடித்திருக்கிறார்கள். மெஷின் போட்டுத் தேய்த்து பி.யு. (பாலியூரித்தேன் பூச்சு) அடிக்க 14,000 ரூபாய் கேட்கிறார் பாலிஷ்காரர். பழைய சாமான் வாங்குகிறவரோ, "உளுத்துப்போச்சும்மா, குடுத்துட்டு புது மேசை எடுத்துக்குங்க" என்கிறார். நானே சரிசெய்ய முடியுமா? — வாசகி, தேவகோட்டை

பதில்: தாராளமாக முடியும். அந்த இரண்டு பேரையும் இப்போதைக்கு அனுப்பிவிடுங்கள்.

'உளுத்துப்போச்சு' என்பது விலையை அடிக்கச் சொல்லும் முதல் வார்த்தை. தேக்கின் வைரத்தை, அதாவது உள்ளே இருக்கும் கெட்டி மரத்தை, வண்டு லேசில் தொடாது. ஓரத்து வெளிர்மரத்தைத்தான் துளைக்கும். மேசைக்கு அடியில் கறுப்புத் தாள் விரித்துப் பதினைந்து நாள் விடுங்கள். வெளிர்நிறப் பொடி புதிதாகக் கொட்டினால் உள்ளே பூச்சி இருக்கிறது. கொட்டாவிட்டால் அநேகமாக அது என்றோ போன பூச்சியின் துளை. உளுத்ததென்று சொல்லி வாங்கிப் போன மேசை, 'பர்மா தேக்கு, நூறு வருஷப் பழசு' என்ற சீட்டோடு வேறு கடையில் நிற்கும். உங்களுக்கு வரும் புது மேசை மரத்தூளை ஒட்டிய பலகை. தண்ணீர் பட்டால் ஊதிவிடும். இப்படி ஏமாந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

பாலிஷ்காரர் விஷயம் வேறு. அவர் ஏமாற்றவில்லை, அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். மெஷின் போட்டால் விளிம்பு மழுங்கும், இழைப்புக் கோடுகள் அழியும், வருஷக்கணக்கில் ஏறிய நிறம் தூளாகப் பறந்துவிடும். பி.யு.வில் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கஷ்டம். அரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் அரக்கு பாலிஷில் அந்தத் தொல்லை இல்லை, மேலேயே பூசிக்கொள்ளலாம். உங்கள் மேசையில் கெட்டிருப்பது அழுக்கும் பழைய பாலிஷும்தான். மரம் கெடவில்லை.

முதலில் டர்பன்டைன் தொட்ட துணியால் மேல்பலகையைத் துடையுங்கள். வருஷக்கணக்கில் எண்ணெய் போட்டுத் துடைத்த பிசுக்கு கறுப்பாக வரும். பிறகு பலகையின் அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அரை நிமிஷம் வையுங்கள். இடம் இளகி, பஞ்சில் பழுப்பு ஒட்டினால் அது அரக்கு பாலிஷ். தாத்தா காலத்துச் சாமான் என்றால் பெரும்பாலும் அதுதான். இளகாவிட்டால் நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அரக்கு என்றால் ஸ்பிரிட் தொட்ட பருத்தித் துணியால் மர ரேகை வாக்கில் மெல்லத் துடைத்தாலே பழைய பாலிஷ் இளகிச் சமமாகும். வெள்ளை வளையம் பாலிஷுக்குள் ஈரம் புகுந்ததால் வந்தது; இதிலேயே பெரும்பாலும் போய்விடும். அரை லிட்டர் ஸ்பிரிட்டில் 75 கிராம் அரக்குச் செதிலை இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டுங்கள். பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சு வைத்துப் பொட்டலம் கட்டி, மெல்லிசாகப் பல தடவை பூசுங்கள். கை நடுவில் நிற்கக்கூடாது; நின்றால் துணி ஒட்டித் தடம் விழும். நடுநடுவே 320 நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். காற்றின் ஈரத்தில் பாலிஷ் வெளுத்துப்போகும்.

இதில் பெரிய தலைவலி ஸ்பிரிட் வாங்குவது. தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டு விதிகளின்படி தொழிற்சாலை ஸ்பிரிட் (குடிக்க முடியாதபடி நஞ்சு கலந்த ஆல்கஹால்), மெத்தில் ஆல்கஹால் (மெத்தனால்), பிரெஞ்ச் பாலிஷ் மூன்றுமே உரிமக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. 2024இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்த பிறகு, கட்டுப்பாடு வேண்டாம் என்று யார் சொல்வது? ஆனால் மேசைக்கு அரை லிட்டர் கேட்கிற குடும்பத்துக்கு என்ன வழி என்று யாரும் யோசிக்கவில்லை. கடைசியில் பெயரே ஒட்டாத பாட்டிலில் எதையோ ஊற்றித் தருகிறார்கள். தின்னரா, மெத்தனாலா, யாருக்குத் தெரியும்? மெத்தனால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் ஏறும். சீல் உடையாத, பெயர் அச்சிட்ட பாட்டிலாக, பில்லோடு வாங்குங்கள். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் சாமி விளக்கு எரியக்கூடாது.

இனி கால்கள். இங்கே மட்டும் நான் மேலே சொன்னது எதுவும் செல்லாது. பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதனால் அந்தப் பச்சையை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அந்தத் தூசு தரையில் படிந்து, தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். ஊதுவிளக்கின் தீயைக் காட்டி உரிக்கிறேன் என்று யாராவது வந்தால் விடாதீர்கள். காஸ்டிக் சோடா போடுகிறேன் என்றாலும் வேண்டாம், தேக்கு கறுத்துவிடும், மூட்டுப் பசையும் விட்டுப்போகும். பெயிண்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால் கால்களை அப்படியே விடுங்கள். எடுத்தே ஆகவேண்டுமென்றால் வெளியில் வைத்து, பெயிண்ட் ரிமூவர் தடவி, ஈரமாக இருக்கும்போதே சுரண்டுங்கள். சுரண்டியதைத் தாளில் சுற்றிக் கட்டுங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை முடியும்வரை பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

கால்களுக்கு மட்டும் ஆள் வைப்பதானால், மேசையைக் கொடுக்கும் முன் இழுப்பறைகளின் பித்தளைக் கைப்பிடிகளை நீங்களே கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பித்தளை போய் முலாம் பூசிய இரும்பு திரும்பி வருவது இந்தத் தொழிலில் சாதாரணம்.