ஏற்காட்டுல இருந்துக்கிட்டே சூரிய ஆராய்ச்சிக்குள்ள போக முடியுமா?

சேலத்துல எம்.எஸ்சி பிசிக்ஸ் முதல் வருஷம் படிக்கிற ஒரு தங்கச்சி எழுதி கேட்டிருக்காங்க. வீடு ஏற்காட்டுல, தினமும் பஸ்ல இறங்கி காலேஜ் போய்ட்டு சாயந்திரம் திரும்ப மலை ஏறணும், ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், கோடிங் தெரியாது, ஆனா சூரியனைப் பாக்க இஸ்ரோ அனுப்பின ஆதித்யா எல்1 போனதுல இருந்து சூரியனைத் தவிர வேற எதுலயும் மனசு போகமாட்டேங்குதாம். ஐஐடி மாதிரி எடத்துல படிக்காதவங்களை இந்த ஃபீல்டுல சேத்துக்குவாங்களா, மலை மேல வீடு இருக்கே ஒரு டெலஸ்கோப் வாங்கி வெச்சா உதவுமா, அப்புறம் வாட்ஸ்அப்ல ஒருத்தர் ஸ்பேஸ் ரிசர்ச் இன்டர்ன்ஷிப், சர்டிஃபிகேட்டோட, 15,000 ரூபாய்னு சொல்றாரு, காபி எஸ்டேட்ல வேலை பாக்குற அப்பா கடன் வாங்கியாவது கட்டிடலாம்னு சொல்றாரு, கட்டலாமா? இதான் கேள்வி.

காசு விஷயத்தை முதல்ல முடிச்சிடறேன். கட்டாதீங்கம்மா, அப்பாகிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க. நம்ம நாட்டுல சூரியனை நிஜமா ஆராய்ச்சி பண்ற எடங்க, அதாவது பெங்களூர்ல இருக்கிற இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆஸ்ட்ரோபிசிக்ஸ் (எல்லாரும் ஐஐஏன்னுதான் சொல்லுவோம்), நைனிடால் ஏரீஸ், அகமதாபாத் பிஆர்எல், அதோட உதய்பூர் சோலார் அப்சர்வேட்டரி, புனே ஐயூகா, கொல்கத்தா ஐசர், இதெல்லாம் அரசாங்கப் பணத்துல நடக்குற எடங்க. இங்க ப்ராஜெக்ட் பண்ண வர்ற பசங்களை எடுக்குறது மார்க்கையும் ஆர்வத்தையும் பாத்துத்தான், சில திட்டத்துல திருப்பி அவங்களே ஸ்டைபண்டும் குடுப்பாங்க. காசு வாங்கிட்டு குடுக்குற சர்டிஃபிகேட்டை பிஎச்டி இன்டர்வியூல யாரும் மதிக்கிறதில்ல, ராக்கெட் படம் போட்டு பளபளன்னு இருந்தாலும் சரி. அந்த 15,000-ல ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கலாம், அது உண்மையிலயே உபயோகப்படும்.

லேப்டாப் எதுக்குன்னா, இந்த ஃபீல்டுல பொருள் எல்லாமே வெளியிலயே கெடக்கு. சூரியன் சம்பந்தப்பட்ட டேட்டா மாதிரி தாராளமா ஓப்பனா கெடைக்கிற டேட்டா வேற துறைல ரொம்ப கம்மி. 2010-ல போன நாசாவோட எஸ்டிஓ சாட்டிலைட் விடாம எடுத்துக்கிட்டு இருக்கிற படங்களை யார் வேணா எடுத்துக்கலாம். நம்ம ஆதித்யா எல்1 2023 செப்டம்பர் 2-ல கெளம்பி 2024 ஜனவரி 6-ல எல்1 புள்ளியை (பூமிக்கும் சூரியனுக்கும் நடுவுல, பூமியோடயே சேந்து சுத்தற ஒரு எடம்) சுத்தி நிலையா உக்காந்துச்சு, பூமியில இருந்து 15 லட்சம் கிலோமீட்டர், அதுல 7 கருவி. அதோட டேட்டா இஸ்ரோவோட பிரதான்ங்கிற போர்ட்டல்ல இருக்கு, பேர் ரிஜிஸ்டர் பண்ணிட்டு டவுன்லோட் பண்ணலாம், காசு கெடையாது, எந்த காலேஜ்னும் பாக்கறதில்ல. (அந்த மிஷனோட ப்ராஜெக்ட் டைரக்டர் நிகர் ஷாஜி நம்ம செங்கோட்டைக்காரங்க, இதை உங்க அப்பாகிட்ட கண்டிப்பா சொல்லுங்க.)

பின்ன ஒரு ப்ரொஃபசர் உங்களை எதை வெச்சு எடுப்பாரு? இந்த டேட்டாவைத் தொட்டு சின்னதா ஏதாச்சும் ஒண்ணு உருப்படியா பண்ணியிருக்கீங்களான்னு பாப்பாரு. வருஷக்கணக்கா சூரிய டேட்டாவோடயே கெடக்குறவன்ங்கிற உரிமையில சொல்றேன், "எனக்கு சின்ன வயசுல இருந்தே ஆர்வம் சார்"னு வர்ற மெயிலுக்கும், தானே போட்ட ஒரே ஒரு கிராஃப் சேத்து வர்ற மெயிலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால உங்களுக்கு ஒரு வேலையே குடுக்கறேன்.

ஆதித்யால சோலெக்ஸ்னு ஒரு கருவி இருக்கு, ஹெலியோஸ்னு இன்னொண்ணு இருக்கு. ரெண்டும் எக்ஸ்ரே பாக்குறதுதான், ஆனா சோலெக்ஸ் பாக்குறது எனர்ஜி கம்மியான சாஃப்ட் எக்ஸ்ரே, ஹெலியோஸ் பாக்குறது எனர்ஜி கூடின ஹார்ட் எக்ஸ்ரே. சூரியன்ல ஃப்ளேர், அதாவது திடீர் சக்தி வெடிப்பு, வெடிக்கறப்ப என்ன நடக்குதுன்னா, மேல காந்தப்புலம் அறுந்து வேற மாதிரி ஒட்டிக்கும், அதுல வெளிய வர்ற சக்தில எலக்ட்ரான் எல்லாம் பயங்கர வேகத்துல கீழ பாயும், கீழ அடர்த்தியா இருக்கிற குரோமோஸ்பியர்ங்கிற வாயு அடுக்குல போய் மோதி சடார்னு நிக்கும், அப்படி நிக்கறப்ப வர்றதுதான் ஹார்ட் எக்ஸ்ரே, அது குத்து குத்தா, சட்டுனு ஏறி சட்டுனு எறங்கும். மோதுன எடத்துல இருக்கிற வாயு கோடிக்கணக்கான டிகிரிக்கு சூடாகி மேல பொங்கி அந்த காந்த வளையத்தை நெறைக்கும், அந்த சூட்டு வாயு குடுக்கறதுதான் சாஃப்ட் எக்ஸ்ரே, அது மெதுவா ஏறி இன்னும் மெதுவா எறங்கும். அப்ப ஹார்ட் எக்ஸ்ரேங்கிறது ஒவ்வொரு நொடியும் உள்ள கொட்டுற சக்தி, சாஃப்ட் எக்ஸ்ரேங்கிறது அதுவரைக்கும் சேந்த சக்தி. கணக்கா சொன்னா, சாஃப்ட் எக்ஸ்ரே கர்வை டிஃப்ரன்ஷியேட் பண்ணா ஹார்ட் எக்ஸ்ரே கர்வ் மாதிரி வரணும். 1968-ல வெர்னர் நியூபர்ட்ங்கிறவர் இதை மொதல்ல கவனிச்சாரு, நியூபர்ட் எஃபெக்ட்னே பேர் வெச்சிட்டாங்க.

இதை நீங்க ஏற்காட்டுல உங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து செக் பண்ணலாம். 2024 மே மாசம் ஏஆர் 13664-ங்கிற பெரிய சன்ஸ்பாட் (சூரியன் மேல தெரியற கரும்புள்ளி) கூட்டம் வரிசையா வெடிச்சுது, ஆதித்யாவோட இந்த ரெண்டு கருவியும் அந்த நாள்கள்ல எம் கிளாஸ் (நடுத்தரம்), எக்ஸ் கிளாஸ் (ரொம்பப் பெருசு) ஃப்ளேருங்களைப் பதிவு பண்ணிச்சு. அதுல நடுத்தரமான எம் கிளாஸ் ஒண்ணு எடுத்துக்கோங்க, ரொம்பப் பெருசு வேணாம், பெரிய வெடிப்புல டிடெக்டர் திணறும், ஆரம்பத்துலயே அந்தத் தலைவலி எதுக்கு. ஃபைல் எல்லாம் ஃபிட்ஸ்ங்கிற ஃபார்மட்ல இருக்கும், பைத்தான்ல ஆஸ்ட்ரோபைன்னு ஒரு லைப்ரரி அதைத் திறக்கும், சூரியனுக்குன்னே சன்பைன்னு ஒண்ணு இருக்கு, எல்லாம் இலவசம், லேப்டாப் மெதுவா இருந்தா கூகுள் கோலாப்ல ஓட்டுங்க. ஃப்ளேருக்கு முன்னாடி இருக்கிற பேக்ரவுண்டைக் கழிச்சிட்டு, கர்வை லேசா ஸ்மூத் பண்ணிட்டு, டெரிவேட்டிவ் எடுத்து ஹெலியோஸ் கர்வ் மேல வெச்சுப் பாருங்க. ஸ்மூத் பண்ணாம எடுத்தா வெறும் இரைச்சல்தான் வரும், பயந்துடாதீங்க.

இன்னொரு அழகான விஷயம் சொல்றேன், அதே ஃப்ளேரை அமெரிக்காவோட கோஸ் சாட்டிலைட்டும் பாத்திருக்கும், அது பூமிக்குப் பக்கத்துல இருக்கு. ஆதித்யா 15 லட்சம் கிலோமீட்டர் முன்னாடி நிக்குது, வெளிச்சம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர், அப்ப ஆதித்யாவுக்கு ஏறக்குறைய 5 நொடி முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அது உங்க டேட்டால தெரியுதா பாருங்க. தெரிஞ்சா எழுதி வைங்க, தெரியலன்னா ஏன் தெரியலன்னு எழுதி வைங்க, ரெண்டாவதுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. நேரம் எல்லாம் யூடில (உலகப் பொது நேரம்) இருக்கும், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டணும், புதுசா வர்றவங்க முக்காவாசிப் பேர் இதுலதான் மாட்டுவாங்க. எல்லா ஃப்ளேரும் நியூபர்ட் சொன்னதுக்கு அடங்காது, அடங்காத ஃப்ளேர் ஒண்ணு கெடைச்சா அதைப் பத்தி இன்டர்வியூல அரை மணி நேரம் பேசலாம்.

எக்ஸ்ரே வேணாம்னு தோணுச்சுன்னா கோடைக்கானல் சூரிய அப்சர்வேட்டரி இருக்கவே இருக்கு. 1899-ல ஆரம்பிச்ச எடம், 1909 ஜனவரில ஜான் எவர்ஷெட் சன்ஸ்பாட்டோட ஓரத்துல வாயு வெளிப்பக்கமா ஓடுதுன்னு கண்டுபுடிச்சது அங்கதான். நூறு வருஷத்துக்கு மேல எடுத்த படங்களை டிஜிட்டல் ஆக்கி ஐஐஏ ஓப்பனா வெச்சிருக்காங்க. சன்ஸ்பாட்டை நாளுக்கு நாள் ஃபாலோ பண்ணி, நடுக்கோட்டுப் பக்கம் சூரியன் 25 நாள்ல சுத்துது, துருவத்துக்குப் பக்கம் போகப் போக 35 நாள் வரைக்கும் ஆகுதுங்கிறதுல ஒரு பகுதியை நீங்களே அளந்துடலாம் (சன்ஸ்பாட் துருவத்துக்குக் கிட்ட வராது, அதனால முழுசா முடியாது). பூமியும் நகந்துக்கிட்டே இருக்கிறதால 27 நாள்னு வரும், அதைத் திருத்தணும்.

இது கைல வந்தப்புறம் மெயில் போடுங்க. நாலே வரி போதும்: யாரு நீங்க, எந்த டேட்டா, என்ன பண்ணீங்க, எங்க முட்டி நிக்குறீங்க, அப்புறம் அந்த கிராஃப். ஒரே மெயிலை அம்பது பேருக்கு காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க, பாத்த உடனே தெரிஞ்சிடும். அவங்க எழுதின பேப்பர் ஒண்ணாவது படிச்சிட்டு எழுதுங்க, ஆர்க்கைவ்ங்கிற (arXiv) வெப்சைட்ல பெரும்பாலும் இலவசமா இருக்கும். இங்கிலீஷ் பத்தி பயப்படறீங்க, எனக்குப் புரியுது, ஆனா இந்த ஃபீல்டோட இங்கிலீஷ் மொத்தமே ஒரு ஐநூறு வார்த்தைதான் சுத்திச் சுத்தி வரும், பத்து பேப்பர் படிச்சா பழகிடும். லிவிங் ரிவ்யூஸ் இன் சோலார் பிசிக்ஸ்னு ஒரு ஜர்னல், ஒவ்வொரு டாபிக்கையும் அடில இருந்து சொல்லிக் குடுக்கும், அதுவும் இலவசம். தமிழ்ல நோட்ஸ் எழுதிக்கோங்க, தப்பே இல்ல.

எங்க அப்ளை பண்றதுன்னா, இப்ப முதல் வருஷத்துல இருக்கிறதால உங்களுக்கு முதல் வாய்ப்பு நம்ம நாட்டோட மூணு சயின்ஸ் அகாடமியும் சேந்து நடத்துற சம்மர் ரிசர்ச் ஃபெலோஷிப். ரெண்டு மாசம் ஒரு ஆராய்ச்சியாளர்கிட்ட வேலை, ஸ்டைபண்ட் உண்டு, ரயில் செலவும் தருவாங்க. அப்ளை பண்ற கடைசித் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும், அவங்க வெப்சைட்ல பாத்துக்கோங்க, ஆசிரியர் ஒருத்தரோட சிபாரிசுக் கடிதம் வேணும், அதனால உங்க எச்ஓடிகிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க. ஐஐஏலயும் விசிட்டிங் ஸ்டூடண்ட், சம்மர் ஸ்கூல்னு அறிவிப்பு வரும், ஏரீஸ்ல ஆதித்யா சப்போர்ட் செல்லுன்னே ஒண்ணு இருக்கு, அந்த டேட்டாவை எப்படி அனலைஸ் பண்றதுன்னு ஒர்க்ஷாப் நடத்துறாங்க. இஸ்ரோ ஆன்லைன்ல ஸ்டார்ட்னு இலவச ப்ரோக்ராம் நடத்தும், அதையும் பாருங்க. திருநெல்வேலில இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஜியோமேக்னட்டிசத்தோட ஆய்வுக்கூடம் இருக்கு, சூரியப் புயல் பூமியோட காந்தப்புலத்தை என்ன பண்ணுதுங்கிற பக்கம் புடிச்சிருந்தா அங்க கேளுங்க, இதை நம்ம பசங்க நெறைய பேர் கண்டுக்கறதே இல்ல.

பிஎச்டிக்கு நுழைவுத் தேர்வு எழுதணும், ஜெஸ்ட், இல்ல சிஎஸ்ஐஆர் நெட், இல்ல கேட். இதுல ஒண்ணு பாஸ் பண்ணிட்டு இன்டர்வியூ. பேப்பர்ல காலேஜ் பேர் கேக்கமாட்டாங்க, மெக்கானிக்ஸ், எலக்ட்ரோடைனமிக்ஸ், குவாண்டம், ஸ்டாட் மெக், மேத்தமேட்டிகல் பிசிக்ஸ்தான் கேப்பாங்க. ஐஐடி கேள்விக்கு என் பதில் இதான். ஆனா ஒண்ணு மறைக்காம சொல்லணும், நம்ம ஊர் காலேஜ்கள்ல பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி எழுதற பழக்கம் இந்த எக்ஸாம்ல ஒரு வரி கூட தாண்டாது, இப்ப இருந்தே தினமும் கணக்குப் போட்டுப் பழகணும், பஸ்ல ஏறி எறங்குற நேரத்துலயாவது பழைய கேள்வித்தாளைப் பாருங்க. வெளிநாடுன்னா ஜெர்மனி கோட்டிங்கன்ல மேக்ஸ் பிளாங்க் இன்ஸ்டிட்யூட் சூரியனுக்குப் பேர் போன எடம், வருஷத்துக்கு ஒரு தடவை பிஎச்டிக்குக் கூப்பிடுவாங்க, அங்கயும் சம்பளம் உண்டு.

இந்த ஃபீல்டுக்கு இப்ப வர்றது நல்ல நேரமான்னும் கேக்கலாம். ரொம்ப நல்ல நேரம். சூரியனோட 25-வது சுழற்சி (ஏறக்குறைய 11 வருஷத்துக்கு ஒரு தடவை அதோட வேகம் ஏறி எறங்கறது) உச்சக் கட்டத்துக்கு வந்துடுச்சுன்னு 2024 அக்டோபர்ல அறிவிச்சாங்க, உச்சம் முடிஞ்சு எறங்கற வருஷங்கள்லயும் பெரிய புயல் வரும், 2003-ல வந்த பெரிய புயல் அப்படி எறங்கறப்ப வந்ததுதான். நாசாவோட பார்க்கர் ப்ரோப் விண்கலம் 2024 டிசம்பர் 24-ல சூரியனுக்கு 61 லட்சம் கிலோமீட்டர் வரைக்கும் போய்ட்டு வந்துச்சு, ஐரோப்பாவோட சோலார் ஆர்பிட்டர் 2025-ல சூரியனோட தென் துருவத்தோட படத்தை அனுப்பிச்சு, நம்ம பிஎஸ்எல்வில போன ஐரோப்பாவோட ப்ரோபா-3 ரெண்டு சாட்டிலைட்டை வெச்சு செயற்கையா கிரகணம் உண்டாக்கி சூரியனைச் சுத்தி இருக்கிற கொரோனாங்கிற வெளி வாயு அடுக்கைப் படம் புடிச்சுது. லடாக்ல மேரக் பக்கத்துல 2 மீட்டர் சோலார் டெலஸ்கோப் வைக்கத் திட்டம் இருக்கு. டேட்டா குவியுது, அதைப் பாக்குற கண்ணு பத்தல.

டெலஸ்கோப் இப்ப வாங்காதீங்க. ஏற்காட்டுல பனிமூட்டம் எத்தனை நாள் நிக்கும்னு உங்களுக்கே தெரியும், அதோட ஃபில்டர் இல்லாம எதை வெச்சும் சூரியனைப் பாக்கவே கூடாது, ஒரு நொடில கண்ணு போயிடும். டெலஸ்கோப்பைப் பாக்கணும்னு ஆசையா இருந்தா ஒரு நாள் கோடைக்கானல் போய் அந்த அப்சர்வேட்டரி மியூசியத்தைப் பாத்துட்டு வாங்க, அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க.

அப்பாவோட கவலை சம்பாத்தியம்தான்னு எழுதியிருக்கீங்க. சிஎஸ்ஐஆர் நெட்ல ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) கெடைச்சா பிஎச்டி பண்ற முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000 ரூபாய், அதுக்கப்புறம் 42,000, ஹாஸ்டல் குடுக்காத எடத்துல வீட்டு வாடகைப் படி தனியா. எம்.எஸ்சி கடைசி வருஷத்துலயே எழுதலாம். எம் கிளாஸ் ஃப்ளேர் கிராஃப் வந்ததும் எனக்கு அனுப்புங்க, பேக்ரவுண்டு சரியா கழிச்சிருக்கீங்களான்னு நான் பாத்துச் சொல்றேன்.