வேலிச் செலவில் யாருக்கு எவ்வளவு?

கேள்வி: எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையிலுள்ள மரவேலி சாய்ந்துவிட்டது. புதிதாகப் போட்டுச் செலவை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றேன். பழுதுபார்த்தாலே போதும் என்கிறார் அவர். யார் சொல்வது சரி?

பதில்: அதைத் தூண்களே சொல்லிவிடும். தரைமட்டத்தை ஒட்டிய பகுதியில் மண்ணின் ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைப்பதால், மரத்தூண் பெரும்பாலும் அங்கேதான் முதலில் மக்கும். இருவருமாகச் சேர்ந்து அடிமண்ணைச் சற்று விலக்கி, ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை எளிதாக உள்ளே இறங்கினால் அந்தத் தூணை இனி நம்ப முடியாது. ஓரிரு தூண்கள் மட்டும் அப்படியிருந்தால் அவர் சொல்வதே சரி. அவற்றை மாற்றினால் போதும்.

வேலி முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தால், விலையை அது உழைக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 5 ஆண்டு நிற்கும் வேலியைவிட 15 ஆண்டு நிற்பதற்கு இரு மடங்கு விலை என்றாலும், ஆண்டுக்கணக்கில் பின்னதே மலிவு. வாளி, மிதியடி வாங்கும்போதுகூட நான் இந்தக் கணக்கைத்தான் போடுகிறேன்.

அவருக்குத் தேவையானதைவிட உயரமான வேலியை நீங்கள் விரும்பினால், சாதாரண வேலிக்கு ஆகும் தொகையில் மட்டும் பாதியைக் கேட்டு, மிகுதியை நீங்களே ஏற்பதுதான் நியாயம். பங்கு தரும்படி சட்டம் அவரைக் கட்டாயப்படுத்துமா என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆகவே எல்லைக்கோடு, விலை, அவரவர் பங்கு, பின்னாளைய பராமரிப்பு ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே பழைய வேலியைப் பிரியுங்கள்.