கென்னடி கொலை வழக்கில் டல்லஸ் போலீஸ் எழுதிவைத்த பழைய தாள்களை இப்போது படிப்பதில் பயன் உண்டா?

"வாரன் கமிஷன் அறிக்கையே இருக்கிறது, அப்புறம் அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷன் காகிதங்களை எதற்குப் படிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். (வாரன் கமிஷன் என்பது கென்னடி கொலையை ஆராய அமெரிக்க அரசு அமைத்த விசாரணைக் குழு.) நான் படித்தேன். ஒரே மூச்சில் இல்லை, இரண்டு வருடமாக இரவு நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக. பயன் உண்டு என்பதுதான் என் பதில்.

நான் வக்கீல் குமாஸ்தாவாக நீண்ட காலம் வேலை பார்த்தவன். எந்தக் கேஸ் கட்டு வந்தாலும் எங்கள் சீனியர் முதலில் கேட்பது சம்பவத்தன்று எழுதிய தாளைத்தான். பின்னால் வரும் அறிக்கைகள் எல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்து, முரண்களைச் சரிக்கட்டி எழுதியவை. முதல் நாள் தாளில் பிழை இருக்கும், அவசரம் இருக்கும், ஆனால் பின்னால் நடக்கப்போவது எதுவும் அதை எழுதியவருக்குத் தெரியாது. டல்லஸ் தாள்களை நான் அந்தக் கண்ணோடுதான் படித்தேன்.

முதலில் பலருக்குத் தெரியாத ஒன்று. 1963இல் அமெரிக்க ஜனாதிபதியைக் கொல்வது மத்திய அரசுச் சட்டப்படி குற்றமாக இல்லை. அதற்கான சட்டம் 1965இல்தான் வந்தது. ஆக, நவம்பர் 22 பகல் 12:30க்கு எல்ம் தெருவில் நடந்தது, சட்டத்தின் பார்வையில், டெக்சஸ் மாநிலத்தில் நடந்த ஒரு சாதாரணக் கொலை. விசாரிக்க வேண்டியது டல்லஸ் நகரப் போலீஸ். பார்க்லண்ட் மருத்துவமனையில் உள்ளூர் மருத்துவப் பரிசோதகர் ஏர்ல் ரோஸ், பிரேதப் பரிசோதனை இங்கேதான் நடக்க வேண்டும் என்று வழிமறித்து நின்றார். ஜனாதிபதியைப் பாதுகாக்கும் ரகசியக் காவல் அதிகாரிகள் அவரைத் தள்ளிக்கொண்டு உடலை விமானத்துக்கு எடுத்துப்போனார்கள். சட்டப்படி பேசியது ரோஸ்தான்.

அதனால் அந்தக் கொலைக்கும் வழக்கமான குற்றப் பதிவுப் படிவம்தான். புகார்தாரர் கட்டத்தில் கென்னடியின் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அமெரிக்க ஜனாதிபதி என்று. விவரத்தில் நாலைந்து வரிகள்: இறந்தவர் மனைவியோடும் கவர்னர் கானலி தம்பதியோடும் கார் ஊர்வலத்தில் வந்தார், சத்தம் கேட்டது, முன்னால் சரிந்தார், மறுபடி சத்தம், மனைவியின் மடியில் விழுந்தார். அவ்வளவுதான். அந்தத் தாளைப் பார்த்தபோது நான் அடுத்த தாளுக்குப் போக வெகு நேரமானது. எத்தனையோ பெரிய கட்டுரைகள் படித்திருக்கிறேன், அந்தப் படிவத்தின் நாலு வரி மாதிரி எதுவும் என்னைத் தொடவில்லை.

சரி, தகவலுக்கு வருகிறேன். முதல் நாள் வாக்குமூலம் ஏன் முக்கியம் என்பதற்கு மோட்டார் சைக்கிள் காவலர் மேரியன் பேக்கரின் தாள் நல்ல உதாரணம். சுடும் சத்தம் கேட்டதும் ஊர்வலப் பாதையோரம் இருந்த பாடப்புத்தகக் கிடங்குக் கட்டடத்துக்குள் ஓடியவர் அவர். அன்றே கையெழுத்திட்ட வாக்குமூலத்தில், மூன்றாவது அல்லது நான்காவது மாடியில், படிக்கட்டை விட்டு விலகி நடந்துபோன ஒருவனைக் கண்டதாகச் சொல்கிறார். வயது சுமார் 30, எடை 165 பவுண்டு, வெளிர் பழுப்பு ஜாக்கெட். இவன் இங்கே வேலை செய்பவன் என்று கட்டட மேலாளர் சொன்னதும் விட்டுவிட்டாராம். வாரன் கமிஷன் முன் சாட்சி சொன்னபோது அந்த இடம் இரண்டாம் மாடி சிற்றுண்டி அறை ஆகிவிட்டது, ஆள் ஓஸ்வால்ட், அதாவது கொலையாளி என்று அன்றே கைதாகி, இரண்டு நாளில் தானும் சுட்டுக் கொல்லப்பட்ட அந்தக் கட்டட ஊழியர். அவசரத்தில் படி ஏறி ஓடும் ஒருவர், பழக்கமில்லாத கட்டடத்தில் மாடிக் கணக்கைத் தவறவிடுவது இயல்பு என்பதுதான் என் எண்ணம். மேலாளரும் சிற்றுண்டி அறை என்றுதான் சொன்னார். ஆனால் அறிக்கையை மட்டும் படிப்பவருக்கு இப்படி ஒரு முரண் இருந்ததே கண்ணில் படாமல் போகலாம்.

இன்னொன்று அந்த எடை. 12:45க்குப் போலீஸ் ரேடியோவில் போன அடையாளத்திலும் 30 வயது, 165 பவுண்டு. ஓஸ்வால்டுக்கு வயது 24, மெலிந்த உடம்பு. காதில் விழுந்த அடையாளம் பேக்கரின் வாக்குமூலத்துக்குள் நுழைந்ததா, இல்லை இரண்டு பேர் தனித்தனியாக ஒரே மாதிரி தப்புக்கணக்குப் போட்டார்களா, யாரும் தீர்த்து வைக்கவில்லை.

துப்பாக்கி முதலில் மௌசர் என்னும் ஜெர்மன் ரகம் என்று பதிவானதைப் பெரிய சதியாகச் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் நம்பினேன். கிடங்கின் ஆறாம் மாடியில் பெட்டிகளுக்கு இடையே கிடந்ததை எட்ட நின்று பார்த்தவர்கள் சொன்ன பெயர் அது. எடுத்துப் பரிசோதித்தபோது 6.5 மில்லிமீட்டர் இத்தாலிய கார்கானோ, எண் சி2766. இதில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது தடயம் சேகரித்த விதம். துப்பாக்கியைச் சுற்றி எடுத்துவந்ததாகச் சொல்லப்பட்ட பழுப்புக் காகிதப் பை இருக்கிறதே, அது கிடந்த இடத்தில் அதை யாரும் படம் எடுக்கவில்லை. பிறகு அந்த மூலையின் புகைப்படத்தில், பை இங்கே இருந்தது என்று புள்ளிக்கோடு போட்டுக் காட்டினார்கள். தடயப் பிரிவில் இருந்த ஸ்டூடபேக்கர் அந்த வேலைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜன்னலோரப் பெட்டிகளை நகர்த்தி, மறுபடி அடுக்கி எடுத்த படங்களும் தொகுப்பில் கலந்து கிடக்கின்றன. எது முதலில் இருந்த நிலை, எது திரும்ப அடுக்கியது என்று கவனித்துப் பிரிக்காவிட்டால் தப்பான முடிவுக்குப் போய்விடுவோம்.

உள்ளங்கை ரேகை விஷயமும் அப்படித்தான். தடயப் பிரிவின் லெப்டினன்ட் டே துப்பாக்கிக் குழாயின் அடியில், மரப்பகுதி மறைக்கும் இடத்தில், ஒரு ரேகையைக் கண்டு ஒட்டும் டேப்பில் எடுத்தார். அன்றிரவே துப்பாக்கி எஃப்.பி.ஐ. கைக்குப் போய் வாஷிங்டன் பறந்தது. அங்கே பரிசோதித்தவருக்கு அந்த இடத்தில் ரேகையின் சுவடே தெரியவில்லை. டே எடுத்த அட்டை எஃப்.பி.ஐ.க்குப் போய்ச் சேர்ந்தது நவம்பர் 29. அதற்குள் ஓஸ்வால்ட் இறந்து ஐந்து நாள். டேப்பில் பதிந்திருந்த மேடு பள்ளங்கள் அந்தக் குழாயோடு ஒத்துப்போவதை எஃப்.பி.ஐ. 1964இல் சரிபார்த்தது, அதனால் ரேகை உண்மையானது என்றே நான் நம்புகிறேன். ஆனாலும் அந்த ஒரு வார இடைவெளிதான் அறுபது வருடச் சந்தேகத்துக்கு விதை.

எனக்கு மனசே ஆறாதது விசாரணைதான். நவம்பர் 22 பிற்பகலிலிருந்து 24 காலை வரை, மூன்றாம் மாடியில் 317ஆம் எண் அறையில், டல்லஸ் போலீஸின் கொலைப் பிரிவுத் தலைவர் கேப்டன் வில் ஃபிரிட்ஸ் ஓஸ்வால்டைச் சுமார் 12 மணி நேரம் விசாரித்தார். டேப் ரெக்கார்டர் இல்லை, சுருக்கெழுத்தரும் இல்லை. பலமுறை கேட்டும் வாங்கித் தரவில்லை என்று ஃபிரிட்ஸே பின்னர் சாட்சியம் சொன்னார். உலகமே திரும்பிப் பார்த்த வழக்கு, வாசலுக்கு வெளியே டெலிவிஷன் கேமராக்கள் வரிசையாக நிற்கின்றன, உள்ளே கைதி சொன்ன ஒரு வாக்கியம்கூட அவர் சொன்னபடி பதிவாகவில்லை. வக்கீல் ஆபீஸில் ஒரு சிவில் வழக்குச் சாட்சியம் எழுதும்போதே "என்று சொன்னார்" என்பதற்கும் "என்றார்போல் தெரிந்தது" என்பதற்கும் எத்தனை சண்டை வரும் என்று பார்த்தவன் நான். இங்கே அந்த இரண்டு நாளுக்கும் நமக்கு மிஞ்சியது, உள்ளே இருந்தவர்கள் பின்னால் நினைவிலிருந்தும் குறிப்பிலிருந்தும் எழுதியது மட்டும்.

ஃபிரிட்ஸ் அந்த நேரத்தில் குறிப்பு எடுக்கவில்லை என்றுதான் நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1997இல், கென்னடி கொலை ஆவணங்களை வெளிக்கொணர அமைத்த மறுஆய்வு வாரியம் அவருடைய கையெழுத்துக் குறிப்புகளை வெளியிட்டது. சில பக்கங்கள், கிறுக்கல், பாதி வாக்கியங்கள். இரண்டாம் மாடியில் கோக் குடித்துக்கொண்டிருந்தபோது அதிகாரி வந்தார், முதல் மாடிக்குப் போய்ச் சாப்பிட்டேன், மேற்பார்வையாளரோடு வெளியே முன்புறம், இப்படித் துண்டு துண்டாக. (அவர்கள் முதல் மாடி என்பது நம் தரைத்தளம்.) இந்தக் கடைசித் துண்டை வைத்து, சுடும் நேரத்தில் ஓஸ்வால்ட் வாசற்படியில் நின்றார் என்று ஒரு கட்சி வாதிடுகிறது. கட்டடத்தை விட்டுக் கிளம்பும்போது மேற்பார்வையாளரை முன்வாசலில் பார்த்ததைத்தான் சொன்னார் என்கிறது இன்னொரு கட்சி. குறிப்பின் வரிசை இரண்டாவது கட்சிக்குச் சாதகம் என்று எனக்குப் படுகிறது. ஒரு டேப் ரெக்கார்டர் இருந்திருந்தால் இந்த வாதமே வந்திருக்காது.

அடுத்தது ரேடியோ. டல்லஸ் போலீஸுக்கு இரண்டு அலைவரிசை. வழக்கமான வேலைக்கு ஒன்று, அது டிக்டாபெல்ட் என்னும் பிளாஸ்டிக் பட்டையில் பதிவானது. ஊர்வலத்துக்கு இன்னொன்று, அது இசைத்தட்டு மாதிரி ஒரு தட்டில். யாரோ ஒரு காவலரின் மைக் பொத்தான் சிக்கிக்கொண்டதில், முதல் அலைவரிசையில் ஐந்து நிமிடத்துக்கும் மேல் என்ஜின் இரைச்சல் பதிவாகியிருக்கிறது. பட்டை பல வருடம் ஒரு போலீஸ் அதிகாரி வசமே இருந்து, 1978இல் நாடாளுமன்றக் கீழவைக் குழுவிடம் வந்து சேர்ந்தது. ஒலி நிபுணர்கள் அந்த இரைச்சலுக்குள் நான்கு வெடிச்சத்தத்தின் சாயல் இருப்பதாகவும், அதில் ஒன்று கிடங்கிலிருந்து அல்லாமல் ஊர்வலப் பாதையோரப் புல்மேட்டிலிருந்து வந்ததற்கு 95 சதவீத வாய்ப்பு இருப்பதாகவும் சொன்னார்கள். "அநேகமாகச் சதி" என்று குழு முடிவு எழுதியதற்கு இதுவே முக்கிய ஆதாரம்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அந்தப் பதிவின் பிரதி ஒன்று ஒரு பத்திரிகையோடு மெல்லிய இசைத்தட்டாக இலவச இணைப்பாய் வந்தது. ஒஹையோவில் இருந்த ஒரு டிரம்ஸ் கலைஞர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். வெடிச்சத்தம் என்று சொன்ன அதே இடத்தில் மங்கலாக ஒரு குரல். அது ஷெரிஃப் டெக்கர் இரண்டாம் அலைவரிசையில் பேசியது, பக்கத்து ரேடியோவிலிருந்து இதில் கசிந்திருக்கிறது. அவர் அதைப் பேசியது கென்னடி சுடப்பட்டு ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து. 1982இல் தேசிய அறிவியல் கழகத்தின் குழு இதைச் சரிபார்த்து, அந்த ஒலிகள் துப்பாக்கிச் சத்தமாக இருக்க முடியாது என்று சொன்னது. 2001இல் அதை மறுத்து ஒரு ஆய்வுக்கட்டுரை வந்தது, அதற்கும் மறுப்பு வந்தது. நான் 1982 குழுவின் பக்கம்.

ஓஸ்வால்டைச் சுட்ட ஜாக் ரூபி பற்றிய கட்டில் ஒரு சின்னச் சீட்டு போதும். நவம்பர் 24 காலை, போலீஸ் தலைமையகத்துக்கு அருகிலேயே இருந்த வெஸ்டர்ன் யூனியன் அலுவலகத்தில் 25 டாலர் மணியார்டர் அனுப்பிய ரசீது, முத்திரையில் மணி 11:17. அவர் சுட்டது 11:21. ஓஸ்வால்டை மாவட்டச் சிறைக்கு மாற்றுவது பத்து மணி வாக்கில் என்று முந்தின இரவே பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருந்தார்கள், விசாரணை நீண்டதால் தாமதமானது. திட்டம் போட்டுக் காத்திருந்தவர் 11:17க்கு மணியார்டர் வரிசையில் நின்றிருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழைய தாள் என்பதாலேயே எதையும் நம்பிவிடாதீர்கள். 2008இல் டல்லஸ் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் பழைய பெட்டகத்திலிருந்து பெட்டி பெட்டியாகக் காகிதம் வெளியே வந்தது. அதில் ஓஸ்வால்டும் ரூபியும் கொலை பற்றிப் பேசிக்கொள்வது போல ஓர் உரையாடல். சினிமா ஒன்றுக்காக எழுதிய கற்பனை என்பதுதான் பொதுவான கருத்து. நேர்மாறாக, கேஸ் கட்டில் இருந்திருக்க வேண்டியவை வெளியே திரிந்ததும் உண்டு. ஓஸ்வால்ட் கொல்லைப்புறத்தில் துப்பாக்கியோடு நிற்கும் மூன்றாவது படம், இறந்துபோன ஒரு டல்லஸ் காவலரின் மனைவியிடமிருந்து 1976இல் கிடைத்தது. நினைவுப்பொருள் போல அவர் வீட்டில் வைத்திருந்திருக்கிறார்.

சதி நடந்ததா என்று நேராகக் கேட்டால், இந்தத் தாள்களில் அதற்கு ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை. சந்தேகங்களில் பெரும்பகுதியை அந்த ஊர்ப் போலீஸின் அவசரமும் கவனக்குறைவுமே உண்டாக்கியிருக்கின்றன என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

தாள்களும் படங்களும் டல்லஸ் நகராட்சி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வட டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டெக்சஸ் வரலாற்று இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். புகைப்படம் மட்டுமே 400க்கு மேல். படிக்கத் தொடங்குவதாக இருந்தால் ரேடியோ பதிவிலிருந்து தொடங்குங்கள், எழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். 12:54க்குக் கட்டுப்பாட்டு அறை 78ஆம் எண்ணை அழைக்கிறது. அது காவலர் டிப்பிட். ஓக் கிளிஃப் பகுதியில்தானே இருக்கிறீர்கள், ஏதாவது அவசரம் வந்தால் போகத் தயாராக இருங்கள் என்கிறார்கள். சரி என்கிறார். இருபது நிமிடம் கழித்து அவருடைய பத்தாம் எண் காரின் மைக்கில் வேறு ஒரு குரல் வருகிறது, வழியில் போன யாரோ ஒருவர். ஹலோ, போலீஸ், இங்கே ஒருவரைச் சுட்டுவிட்டார்கள் என்கிறார். யாரை என்பதையும் அவரே சொல்கிறார்.