8 ஜிபி லேப்டாப்பில் வர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு உபுண்டு லினக்ஸ் ஓட்டினால் மவுஸ் கூடத் திணறுகிறது. இன்னும் ராம் கூட்டிக் கொடுக்கலாமா?

கேட்டவர் சொன்ன விவரம்: விண்டோஸ் 11, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி. உபுண்டு 24.04-க்கு 5 ஜிபி ஒதுக்கியிருக்கிறார்.

கூட்ட வேண்டாம், குறையுங்கள். விண்டோஸ் 11 சும்மா இருக்கும்போதே 3 ஜிபி அளவுக்குப் பிடித்துக்கொள்ளும். ஒரு பிரவுசரைத் திறந்தால் 4-ஐத் தாண்டிவிடும். 5 ஜிபியை விஎம்முக்கு (வர்ச்சுவல் மெஷின், அதாவது உள்ளே ஓடும் கணினி) தூக்கிக் கொடுத்தால், இடம் போதாமல் விண்டோஸ் தன் சரக்கை டிஸ்கில் இறக்கி ஏற்ற ஆரம்பிக்கும். வெளியே இருப்பது திணறினால் உள்ளே இருப்பதும் திணறத்தான் செய்யும்.

இந்த லேப்டாப்புக்குச் சரியான கணக்கு: ராம் 3072 எம்பி, சிபியூ 2, வீடியோ மெமரி 128 எம்பி, டைனமிக் வகையில் (தேவைக்கேற்ப வளரும்) 30 ஜிபி டிஸ்க். சிபியூவை ஒன்றோடு நிறுத்தாதீர்கள், டெஸ்க்டாப் ஊர்ந்துதான் போகும். உபுண்டு டெஸ்க்டாப்பே 4 ஜிபி கேட்பதால் அதை விட்டுவிட்டு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ அல்லது சுபுண்டு என்ற இலகுவான வகைகளில் ஒன்றைப் போடுங்கள். மின்ட் 22 அதே உபுண்டு 24.04 அடித்தளத்தில் வருவதுதான்; படிக்கும் பாடமும் கட்டளைகளும் பெரும்பாலும் மாறாது.

அடுத்து, விஎம் ஓடும்போது ஜன்னலின் கீழ் வலது மூலையில் உள்ள சின்னச் சின்ன ஐகான்களைப் பாருங்கள். அங்கே பச்சை ஆமை இருக்கிறதா? இருந்தால் சிபியூவின் வர்ச்சுவலைசேஷன் வசதியை விண்டோஸின் ஹைப்பர்-வி (விண்டோஸுக்குள்ளேயே வரும் விஎம் வசதி) ஏற்கனவே எடுத்து வைத்திருக்கிறது. வர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகத்தான் ஓடுகிறது என்று அர்த்தம். வேகம் போவது இங்கேதான். ஆனால் இதை யாரும் கவனிப்பதே இல்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் பகுதிக்குள் 'மெமரி இன்டெக்ரிட்டி'யை அணையுங்கள். பிறகு விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, வர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றின் டிக்கையும் எடுத்துவிட்டு மெஷினை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதற்கு ஒரு விலை உண்டு: டபிள்யூஎஸ்எல்-2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் மைக்ரோசாஃப்ட் வசதி) நின்றுவிடும், விண்டோஸின் பாதுகாப்பில் ஓர் அடுக்கும் குறையும். ராமைக் குறைத்ததிலேயே வேகம் திருப்தியாக இருந்தால் ஆமையை அப்படியே விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

விஎம் தொடங்கவே மறுக்கிறது என்றால் கதை வேறு. டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூவைச் சொடுக்குங்கள். வர்ச்சுவலைசேஷன் 'டிஸேபிள்டு' என்று இருந்தால் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) போய் இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் ஆன் செய்ய வேண்டும். பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரெக்கவரி கீயை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறு பூட்டில் அது கேட்கப்பட்டுக் கீ கையில் இல்லையென்றால் விண்டோஸுக்குள்ளேயே நுழைய முடியாது.

புதிதாக விஎம் உருவாக்கும்போது 'அன்அட்டெண்டட்' (கேள்வி கேட்காமல் தானே நிறுவும்) முறையைத் தவிர்த்துவிடுங்கள். உபுண்டு வகைகளில் அது 'விபாக்ஸ்யூசர்' என்று தானே ஒரு கணக்கைப் போட்டுவிடும். அதற்கு சூடோ உரிமை (நிர்வாகி உரிமை) இல்லாமல் ஒரு மென்பொருள்கூட ஏற்ற முடியாமல் நிற்பவர்கள் நிறைய. நாமே நிறுவும்போது 'டிஸ்க் முழுவதையும் அழிக்கவா' என்று கேட்கும்போது பயப்படத் தேவையில்லை. அழிவது அந்த 30 ஜிபி விடிஐ கோப்பின் (விஎம்மின் டிஸ்க்காக நடிக்கும் கோப்பு) உட்புறம் மட்டுமே. சி டிரைவ் அதன் கண்ணுக்கே தெரியாது.

திரை சின்னப் பெட்டியாகவே நின்றால் டிவைசஸ் மெனுவில் கெஸ்ட் அடிஷன்ஸ் (திரை, ஷேர்டு ஃபோல்டர் போன்றவற்றைச் சரிசெய்யும் துணை மென்பொருள்) சிடியைச் செருகி ஓட்டுங்கள். பாதியில் பிழை காட்டினால் ஜிசிசி, மேக், பெர்ல், கெர்னல் ஹெடர்ஸ் என்ற கருவிகளில் பெரும்பாலும் ஏதோ ஒன்று இல்லை. ஷேர்டு ஃபோல்டர் 'பர்மிஷன் டினைடு' சொன்னால் உங்கள் கணக்கை 'விபாக்ஸ்எஸ்எஃப்' குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து மறுபடி நுழையுங்கள். பலர் குழுவில் சேர்த்துவிட்டு லாக் அவுட் செய்ய மறந்து மணிக்கணக்கில் தேடுகிறார்கள்.

விஎம் ஃபோல்டரை ஒன்டிரைவுக்குள் வைக்காதீர்கள்; விஎம் ஓடும்போதெல்லாம் அந்தப் பல ஜிபி கோப்பு மாறிக்கொண்டே இருப்பதால் ஒத்திசைவு ஓயாது. ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுங்கள், ஆனால் அதை பேக்கப் என்று நம்பிவிடாதீர்கள். மூல விடிஐ கெட்டால் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே போகும். டைனமிக் டிஸ்க் வளருமே தவிர, உள்ளே கோப்புகளை அழித்தாலும் தானாகச் சுருங்காது. சி டிரைவில் இடம் தீர்ந்தால் விஎம் அப்படியே உறைந்து 'பாஸ்டு' என்று நிற்கும். பதறி பவர் ஆஃப் அழுத்தாமல், விண்டோஸில் கொஞ்சம் இடம் விடுவித்துவிட்டு, மெஷின் மெனுவில் 'பாஸ்' டிக்கை எடுங்கள். விட்ட இடத்திலிருந்து ஓடும்.