மைல்ட் ஆஸ்துமா: சார்ட்டில் இல்லாததை கோடர் எழுதலாமா?

மெடிக்கல் கோடிங் கேள்வி – பதில்

அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுகளை, அதாவது மருத்துவப் பதிவுகளைப் படித்து பில்லுக்கான கோட் போடும் கோடர்கள் அனுப்பிய ஆஸ்துமா கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

அசெஸ்மென்ட்டில் (டாக்டர் நோயை எழுதும் பகுதி) 'மைல்ட் ஆஸ்துமா', அதாவது லேசான ஆஸ்துமா என்று மட்டும் இருந்தது. ஜே45.20 போட்டேன். ஆடிட்டர் எர்ரர் கொடுத்துவிட்டார். மைல்ட் என்றால் மைல்ட்தானே?
– வாசகி, தாம்பரம்

ஆடிட்டர் பக்கம்தான் நியாயம். அமெரிக்க நோய்க் கோட் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் மைல்ட் என்று தனியாக ஒரு வகை கிடையாது. மைல்ட் இன்டர்மிட்டன்ட் (லேசாக, விட்டுவிட்டு வருவது) என்றால் ஜே45.2, மைல்ட் பெர்சிஸ்டன்ட் (லேசாக, தொடர்ந்து இருப்பது) என்றால் ஜே45.3. எது என்று டாக்டர் சொல்லாதவரை உங்கள் கையில் இருப்பது வகை குறிப்பிடாத ஆஸ்துமாவுக்கான ஜே45.909 மட்டும். ஜே45.20 போட்டபோது 'இன்டர்மிட்டன்ட்' என்ற சொல்லை நீங்களே சேர்த்துவிட்டீர்கள்.

எண்கள்தான் சார்ட்டில் இருக்கின்றனவே, அதைப் பார்த்து முடிவுசெய்யலாமே என்று தோன்றும். 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2007ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல் இப்படிப் பிரிக்கிறது: தொந்தரவு வாரத்தில் 2 நாளைத் தாண்டவில்லை, இரவு விழிப்பு மாதத்தில் 2 முறையைத் தாண்டவில்லை, எஃப்இவி1 (முதல் ஒரு நொடியில் பலமாக ஊதும் காற்றின் அளவு) எதிர்பார்க்கும் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் என்றால் இன்டர்மிட்டன்ட். வாரத்தில் 2 நாளுக்கு மேல், ஆனால் தினமும் இல்லை; இரவு விழிப்பு மாதம் 3, 4 முறை என்றால் மைல்ட் பெர்சிஸ்டன்ட். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், ஆனால் கோட் போட அல்ல, க்வெரி (டாக்டரிடம் விளக்கம் கேட்கும் குறிப்பு) எழுத. வகையைச் சொல்ல வேண்டியது டாக்டர்.

க்வெரி இப்படி இருக்கட்டும்: "இருமல் வாரம் 4 நாள், இரவு விழிப்பு மாதம் 3 முறை, எஃப்இவி1 84% என்று பதிவாகியுள்ளது. ஆஸ்துமாவின் வகையைக் குறிப்பிடவும்: மைல்ட் இன்டர்மிட்டன்ட், மைல்ட் பெர்சிஸ்டன்ட், மாடரேட் பெர்சிஸ்டன்ட், வேறு, தீர்மானிக்க இயலவில்லை." 'இது மைல்ட் பெர்சிஸ்டன்ட்தானே?' என்று கேட்டால் பதிலை நீங்களே ஊட்டிவிட்டதாக ஆகும். அந்த க்வெரி ஆடிட்டில் நிற்காது.

மருந்துப் பட்டியலில் ஸ்டீராய்டு இன்ஹேலர் இருந்தால் பெர்சிஸ்டன்ட் என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், கோவை

கூடாது. முன்பு இந்த ஊகம் பெரும்பாலும் பலித்தது. 2019இல் உலக ஆஸ்துமா அமைப்பான ஜினாவின் வழிகாட்டுதல், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்ப்யூடமால் (அமெரிக்காவில் அல்ப்யூடெரால்) போன்ற, மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று மாற்றிக்கொண்டது. அதன் பிறகு லேசான ஆஸ்துமாக்காரருக்கும் தேவைப்படும்போது மட்டும் இழுத்துக்கொள்ள ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் எழுதுகிறார்கள். மருந்தை வைத்து நோயின் வகையைப் பிடிக்கப் பார்த்தால் கால் வழுக்கும். நீண்டகாலமாகத் தினமும் எடுக்கிறார் என்று பதிவு இருந்தால் அதற்கான இசட்79.51ஐக் கூடுதலாகச் சேர்க்கலாம், அவ்வளவுதான்.

மைல்ட் இன்டர்மிட்டன்ட் ஆஸ்துமாவுடன் அக்யூட் பிராங்கைட்டிஸ் (திடீர் மூச்சுக்குழாய் அழற்சி). நெபுலைசர் வைத்து, பிரெட்னிசோன் (ஸ்டீராய்டு) 5 நாளுக்கு எழுதியிருக்கிறார். ஜே45.21 வருமா?
– வாசகி, திருச்சி

ஜே45.21 போட 'எக்ஸாசர்பேஷன்' (நோய் திடீரென மோசமாவது) என்ற சொல் வேண்டும். அது எங்காவது இருக்கிறதா? இல்லையென்றால் பிராங்கைட்டிஸுக்கு ஜே20.9, ஆஸ்துமாவுக்கு ஜே45.20. நாள்பட்ட நோயின் மேல் தொற்று வந்து உட்கார்ந்தால் அதுவே எக்ஸாசர்பேஷன் ஆகிவிடாது என்று ஐசிடி-10-சிஎம் கைட்லைன் 10ஆம் அத்தியாயத்திலேயே சொல்கிறது. தொற்று அதைத் தூண்டலாம். தூண்டியதா என்று டாக்டர்தான் எழுத வேண்டும். நீங்கள் சொல்லும் சார்ட்டில் நெபுலைசரும் பிரெட்னிசோனும் சேர்ந்து வருவதால் க்வெரி போட நல்ல காரணம் இருக்கிறது.

எக்ஸாசர்பேஷன், ஸ்டேட்டஸ் ஆஸ்துமாட்டிகஸ் (வழக்கமான மருந்துக்கு அடங்காத கடும் ஆஸ்துமா) இரண்டும் எழுதப்பட்டிருந்தால் பின்னதற்கு மட்டும், அதாவது கடைசி இலக்கம் 2.

'ப்ராபபிள் (இருக்கலாம்) ஆஸ்துமா, வீசிங் (மூச்சில் விசில் சத்தம்)' என்று ஓபி (வெளிநோயாளி) சார்ட். எதற்குக் கோட்?
– வாசகர், மதுரை

ஓபியில் ப்ராபபிள், சஸ்பெக்டட், ரூல் அவுட் எதற்கும் கோட் இல்லை. வீசிங் ஆர்06.2 மட்டும். ஆஸ்துமா உறுதியானால் தலைகீழ்: ஜே45 போட்ட பிறகு ஆர்06.2 வேண்டாம், அது நோய்க்குள் அடங்கிய அறிகுறி.

ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை), நெபுலைசர் இரண்டும் ஒரே விசிட்டில். சோதனைக்கு 94060, நெபுலைசருக்கு 94640 என்று இரண்டையும் பில் பண்ணினால் டினையல் (பணம் தர மறுப்பு) வருகிறது.
– வாசகி, சென்னை

வரத்தான் செய்யும். 94060 என்பதே மருந்துக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்க்கும் சோதனை. இடையில் கொடுக்கும் மருந்து அதற்குள் அடக்கம். சாதாரண ஸ்பைரோமெட்ரிக்கான 94010ஐயும் சேர்க்க முடியாது. 94640 நிற்க வேண்டுமென்றால், மூச்சுக்குழாய் அடைப்புக்குச் சிகிச்சையாகக் கொடுத்தது தெரிய வேண்டும்: மருந்தின் பெயர், அளவு, நேரம், முன்னும் பின்னும் மார்புச் சத்தம், ஆக்சிஜன் அளவு. அதே நாள் டாக்டர் தனியாகப் பரிசோதித்திருந்தால் விசிட் கோடில் மாடிஃபையர் 25 (அந்தப் பரிசோதனை தனி என்று காட்டும் ஒட்டு எண்); நெபுலைசர் கோடில் அல்ல.

இன்னொன்றும் அடிக்கடி தப்புகிறது. நெபுலைசரில் வைக்கும் அல்ப்யூடெரால் மருந்துக்கான பில் கோட் ஜே7613, ஒரு மில்லிகிராமுக்கு ஒரு யூனிட். 2.5 மில்லிகிராம் வயலுக்கு 3 யூனிட். வயல் ஒன்று என்று 1 போட்டால் கிளினிக்குக்கு நஷ்டம்.

மைல்ட் ஆஸ்துமாவுக்கு 99214 என்ற விசிட் கோட் கொடுத்தாலே சந்தேகப்படுகிறார்கள்.
– வாசகர், சேலம்

லேசான நோய் என்பதால் லெவல் குறைய வேண்டியதில்லை. 99214க்கு, மருத்துவ முடிவெடுப்பின் 3 அம்சங்களில் (பிரச்சினை, டேட்டா, ரிஸ்க்) 2 மாடரேட் அளவை எட்ட வேண்டும். கட்டுக்குள் இருக்கும் ஒரே ஒரு நாள்பட்ட நோய், மருந்தைத் தொடரச் சொன்னார் என்றால் ரிஸ்க் மாடரேட். ஆனால் பிரச்சினை லோ. டேட்டாவும் கை கொடுக்காவிட்டால் ஒரு படி கீழான 99213தான். அதே நோயாளி எக்ஸாசர்பேஷனோடு வந்து மருந்து மாற்றப்பட்டால் இரண்டு அம்சம் மாடரேட், 99214. 'ஸ்டேபிள்' என்பது சிகிச்சை இலக்கை வைத்து அளக்கப்படுவது: நிலை மோசமாகவில்லை, ஆனால் இலக்கையும் எட்டவில்லை என்று டாக்டர் எழுதியிருந்தால் அது ஸ்டேபிள் இல்லை. நேரத்தை வைத்து 99214 போடுவதென்றால் அன்று டாக்டர் செலவிட்ட நேரம் மொத்தம் 30 நிமிடமாவது பதிவாகியிருக்க வேண்டும்.

குழந்தையின் அப்பா வீட்டில் சிகரெட் பிடிக்கிறார் என்று நோட்டில் இருக்கிறது. இதற்கும் கோட் உண்டா?
– வாசகி, வேலூர்

உண்டு. குழந்தை அந்தப் புகையைச் சுவாசிக்கிறது என்று பதிவு இருந்தால் இசட்77.22. ஜே45க்கு அடுத்து வைக்க வேண்டும்.