ராவில் இறங்கும் பேட்டரி: புதுசு வாங்குமுன் ஓர் இரவு சோதித்துப் பாருங்கள்

கேள்வி: தலவாக்கலையில் வீடு. 5 கிலோவாட் ஹைபிரிட் இன்வேர்ட்டரும் (சோலார், பேட்டரி, மின்சார சபைக் கரண்ட் மூன்றையும் சேர்த்து நடத்தும் பெட்டி) 5.12 யூனிட் லித்தியம் பேட்டரியும் இருக்கின்றன. மாலை 6 மணிக்கு 95 வீதம்; காலை 5 மணிக்கு 35. மின்வெட்டும் இல்லை. நாலு பல்பு, டீவி, ஃப்ரிட்ஜ் தவிர வேறு பாவனை கிடையாது. பார்க்க வந்தவர், "செல் போயிடுச்சு, பழசக் குடுத்துட்டுப் புதுசு போடுங்க" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் சொன்ன அளவை வைத்துப் பார்த்தால், பேட்டரி நல்லபடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மின்வெட்டு இல்லாதபோது பேட்டரி ஏன் இறங்குகிறது என்றுதான் பலரும் குழம்புகிறார்கள். பெரும்பாலான ஹைபிரிட் இன்வேர்ட்டர்களில், வெயில் போனதும் வீட்டை முதலில் பேட்டரியில் ஓட்டும்படிதான் செட்டிங் இருக்கும். மின்சார சபையின் கரண்டை அது பிறகுதான் எடுக்கும். மின்வெட்டுக்காகத்தான் பேட்டரி வாங்கினீர்கள் என்றால், குறைந்தபட்ச அளவை 60 வீதமாக வைக்கச் சொல்லுங்கள். அதற்குக் கீழே சாதாரண நாளில் இறங்காது.

இனி கணக்கு. 60 வீதம் என்பது சுமார் 3 யூனிட். இன்வேர்ட்டர் சும்மா இருக்கவே 50, 60 வாட் தின்னும். 11 மணித்தியாலத்துக்கு அதுவே சுமார் 0.6 யூனிட். விற்பவர்கள் பலர் இதை வாய் திறந்து சொல்வதில்லை. ஃப்ரிட்ஜுக்கு இன்னொரு 0.6. பல்பு, டீவி, வைஃபை எல்லாம் சேர்த்து அரை யூனிட். ஆக 1.7 யூனிட் நியாயமான செலவு. மிச்சம் 1.3 யூனிட் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு ஓர் இரவு போதும். படுக்கப் போகும்போது, 10 மணிக்கு, வீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்வேர்ட்டரிலிருந்து வீட்டுக்குப் போகும் பிரேக்கரையும், மின்சார சபைப் பக்கப் பிரேக்கரையும் இறக்குங்கள். இன்வேர்ட்டர் ஓடட்டும், பேட்டரியின் பிரேக்கரில் கை வைக்காதீர்கள். அன்றைக்கு ஃப்ரிட்ஜில் மீன், இறைச்சி வேண்டாம். காலை 5 மணிக்கு 10 வீதத்துக்குள் இறங்கியிருந்தால் பேட்டரியில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. மிச்ச யூனிட் போவது வயரிங்கிலோ, கிளாம்ப்பிலோ, செட்டிங்கிலோதான்.

வயரிங்கில் முதலில் கீசரைப் பாருங்கள். மலையகக் குளிரில் சுவிட்சை அணைக்காமல் விட்ட கீசர், தண்ணீர் ஆற ஆற ராவெல்லாம் சூடாக்கும். அதைப் பேட்டரியில் ஓடும் வயரிங்கில் இணைப்பதே தவறு. பக்கத்து அறைக்கோ கடைக்கோ இழுத்த வயர் எங்கிருந்து பிரிகிறது என்றும் பாருங்கள்.

அடுத்தது, மெயின் வயரைக் கவ்வியிருக்கும் சின்ன சி.டி. கிளாம்ப். கரண்ட் எந்தப் பக்கம், எவ்வளவு ஓடுகிறது என்று இன்வேர்ட்டருக்குச் சொல்வது இதுதான். அதன் உடம்பில் ஓர் அம்புக்குறி உண்டு. அது தலைகீழாக இருந்தால், இன்வேர்ட்டருக்குத் திசை தெரியாமல் பேட்டரியை வெளிக் கம்பிக்கே தள்ளிவிடக்கூடும். சாதாரணமாக எல்லாம் ஓடும் ஒரு நாளில், இருட்டிய பிறகும் விடியுமுன்னும் மீட்டரின் ஏற்றுமதி எண்ணை (வெளிக் கம்பிக்குப் போன யூனிட்) எழுதிவையுங்கள். வெயிலில்லாத நேரத்தில் அந்த எண் கூடினால் கோளாறு கிளாம்ப்பிலோ செட்டிங்கிலோ இருக்கும். திருத்துவது உரிமம் உள்ள மின்வேலையாளரின் பொறுப்பு, நீங்கள் கழற்றாதீர்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் இதை வைத்துத்தான் ஆட்களை ஏமாற்றுகிறார்கள். திரையில் தெரியும் வீதம் அளந்த அளவல்ல. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்த கணக்கு. பேட்டரி முழுதாக நிரம்பும்போதுதான் அந்தக் கணக்கு நேராகும். ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழையும் மூட்டமும். பண்டாரவளை, பதுளைப் பக்கம் நவம்பர் முதல் ஜனவரி வரை. வாரக்கணக்கில் பேட்டரி நிரம்பாது, சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். பிறகு ஒரு ராத்திரி 45 இருந்தது சில நிமிடங்களில் 12 ஆகும். போன் ஆப்பில் கோடு சரிவாக இறங்காமல் படிக்கட்டு மாதிரி விழுந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். செல் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மூட்ட மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மின்சார சபைக் கரண்டிலிருந்தே 100 வீதம் வரை ஏற்றி, மேலும் ஒன்றிரண்டு மணித்தியாலம் அப்படியே விடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் எண் நேர்வழிக்கு வரும்.

செல் உண்மையிலேயே போயிருந்தால் அதற்கு அத்தாட்சி உண்டு. பேட்டரி பாதி அளவில் இருக்கும்போது ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். கூடியதற்கும் குறைந்ததற்கும் வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்குள் என்றால் நல்லது. 0.2 தாண்டினால் படம் எடுத்து, தொடரிலக்கத்தோடு விற்ற கொம்பனிக்கு எழுத்தில் அனுப்பி உத்தரவாதத்தைக் கேளுங்கள். இதைக் காட்ட மறுக்கிற தரகரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அவருக்கு வேண்டியது உங்கள் "பழைய" நல்ல பேட்டரி. பதிலுக்கு வருவது, பழைய மின்சாரக் கார் செல்களைப் புதுப் பெட்டியில் அடைத்ததாக இருக்கலாம்.

செட்டிங்கை மாற்றப் போனால் கடவுச்சொல் கேட்கலாம், பொருத்தியவர்கள் பலர் அதைத் தருவதில்லை. லட்சக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிய சாமானின் சாவி அடுத்தவன் கையில்! பொருத்திவிட்டுப் போன பிறகு பலர் திரும்பிப் பார்ப்பதில்லை. மீதிப் பணம் பாக்கியிருந்தால் கடவுச்சொல்லும், செட்டிங் எல்லாவற்றின் படமும் கைக்கு வரும்வரை கொடுக்காதீர்கள். முழுப் பணமும் கொடுத்தாயிற்று என்றால், பற்றுச்சீட்டுப் பிரதியோடு பதிவுத் தபாலில் கேட்டு எழுதுங்கள்.