அம்மாவுக்கு ஆள் வைப்பதற்கு முன்

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. ஐந்து மாதங்களுக்கு முன் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. எலும்பு கூடிவிட்டது, வாக்கர் பிடித்து நடக்கலாம் என்கிறார் டாக்டர். அம்மாவோ பயந்துகொண்டு கட்டிலை விட்டு இறங்குவதே இல்லை. மாதம் 20,000 ரூபாய்க்கு ‘ஹோம் நர்ஸ்’ அனுப்புவதாகவும், இரண்டு மாத அட்வான்ஸ் வேண்டும் என்றும் ஒருவர் கேட்கிறார். வைக்கலாமா?
- வாசகி, லத்தேரி

பதில்: அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஆள் வந்தால் பெட்பேன் வைப்பார், துடைத்து விடுவார். அம்மா இன்னும் ஆழமாகப் படுத்துவிடுவார்.

நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துபோனது. உங்கள் அம்மா மாதக்கணக்கில் படுத்திருக்கிறார். காலில் வலு இல்லை, அதனால்தான் பயம்.

முழங்கால் உயரமுள்ள, கைவைத்த நாற்காலியைச் சுவரோரமாகப் போடுங்கள். கையை ஊன்றி எழுந்து நிற்க வேண்டும், மெல்ல உட்கார வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்து முறை, நாளுக்கு மூன்று வேளை. அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். கழிப்பறையில் கமோடு நாற்காலியும் சுவரில் கைப்பிடியும் வேண்டும். சாப்பாட்டில் வெறும் கஞ்சியும் பன்னும் போதாது. முட்டை, பருப்பு, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை சேருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எழுந்ததும் தலை சுற்றினால் அன்றைக்குப் பயிற்சியை நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிரஷர் பாருங்கள். நின்று ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு தடவை பாருங்கள். படுத்திருந்தபோது இருந்ததைவிட மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் காரணம் பெரும்பாலும் மாத்திரையாக இருக்கும், அல்லது வெயில் காலத்தில் தண்ணீர் போதாததாக இருக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அளவுகளைத் தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அங்கே போனால் ‘பேஷண்டைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்’ என்பார்கள். நடக்க முடியாதவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, வரிசையில் உட்காரவைத்து, இரண்டு நிமிடம் பார்த்து அனுப்புவதை இன்னும் எத்தனை காலம்தான் வைத்தியம் என்று சொல்லிக்கொண்டிருப்பது?

இப்போது அந்த ஏஜெண்டுக்கு வருவோம். உண்மையான நர்ஸ் என்றால் தமிழ்நாடு நர்ஸ் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். கேளுங்கள், பேச்சு மாறும். வெள்ளை யூனிஃபார்ம் மாட்டிய, பயிற்சியே இல்லாத பெண்ணை அனுப்பி, சம்பளத்தில் பெரும் பங்கைத் தானே எடுத்துக்கொள்வார்கள். பத்து நாளில் அந்தப் பெண் போய்விடுவார். அட்வான்ஸ் மட்டும் திரும்பாது. இதோடு ‘சத்து ஊசி’, குளுகோஸ் பாட்டில் என்று வீட்டுக்கே வருகிறவர்களும் உண்டு. அரை லிட்டர் குளுகோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஐந்து டீஸ்பூன். அதற்கு நூற்றுக்கணக்கில் பணம், கையில் வீக்கம். வேண்டவே வேண்டாம்.

பயிற்சியை நேரில் காட்டிக்கொடுக்க ஆள் வேண்டுமே என்பீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவார், இலவசமாக. கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அம்மாவின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். சொன்னதோடு விடாதீர்கள், பட்டியலில் ஏறியதா என்று மறுபடி போய்க் கேளுங்கள். படுக்கையில் இருப்பவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது திட்டத்தின் வேலை. ஆனால் நடைமுறையில் கேட்டவர் வீட்டுக்குத்தான் முதலில் வருகிறார்கள். நீங்கள் இருப்பது கே.வி.குப்பம் பகுதி என்பதால் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் கிராமப்புற சுகாதாரப் பிரிவான ரூசா மையத்திலும் விசாரியுங்கள்.

நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்றால் பகலில் மட்டும் துணைக்கு, உங்கள் தெருவிலேயே தெரிந்த ஒரு அம்மாவை வையுங்கள். சம்பளத்தை அவர் கையிலேயே கொடுங்கள். பெட்பேனை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கழிப்பறை வரை வாக்கரோடு கூட நடப்பதுதான் வேலை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.